யாரைப் பார்த்துப் பாடுகிறான்?

பாட்டுப் பதிவுக் கடைக்கு வருகிறவர்களில் காதலில் தோற்றவனைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம் என்பார் கடைக்கார அண்ணன். அவர் பார்ப்பது தாடியை அல்ல, பட்டியலை. நோட்டிலிருந்து கிழித்த தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவான். பன்னிரண்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கும். கதாநாயகன் குடித்திருப்பான், அல்லது இருமுவான், அல்லது சாகக் கிடப்பான். படமும் பாடகரும்தான் வேறு.

1980களின் நடுவில் மாயவரத்தில் இப்படிப்பட்ட கடைகள் பல இருந்தன. கண்ணாடி அலமாரி நிறைய எக்கோ, இன்ரிகோ, ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகள். மேசைமேல் இரண்டு டெக். காலி கேசட்டும் பட்டியலும் கொடுத்துவிட்டுப் போனால் நாலைந்து நாளில் பதிந்து தருவார்கள். நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சாயங்காலங்களில் கேசட் அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுப்பேன். கூலி கிடையாது. வேண்டிய பாட்டைப் பதிந்துகொள்ளலாம்.

அண்ணன் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று விரல்நுனியில் வைத்திருப்பார். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டுத்தான் கொள்ளும். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். சோகப் பட்டியல் வந்தால் மட்டும் ஒரு கேள்வி கேட்பார். “இது ஒனக்கா, யாருக்காச்சும் குடுக்கவா?”

பதிலைப் பொறுத்துப் பாட்டுகளின் வரிசையை மாற்றுவார். தனக்கென்று பதிகிறவன் கேட்பவை ‘தேவதாஸ்’, ‘வசந்த மாளிகை’, ‘வாழ்வே மாயம்’ என்று கடைசிக்கட்டப் பாட்டுகளாக இருக்கும். கொடுப்பதற்கென்று பதிகிறவனின் பட்டியலில் சாவு குறைவாக இருக்கும், கேள்வி அதிகமாக இருக்கும். ஏன் மறந்தாய், என்ன குறை கண்டாய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்ற தினுசில் போகும். “குடுக்கிற கேசட்டு கடுதாசி தம்பி. தனக்குப் பதிஞ்சிக்கிறது பொலம்பல். கடுதாசில பொலம்பல் கலந்தா அந்தப் பொண்ணு பயந்துடும்” என்பார் அண்ணன். பாட்டு வரிகளுக்குப் பொருள் சொல்வது என்றால் என்ன என்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வரியில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், அது யாரை நோக்கிப் போகிறது என்று அவர் பார்த்தார்.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது, நம் ஊர் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அழுத பாட்டுகளே வேறு மாதிரி தெரிந்தன. சரத்சந்திரரின் வங்க நாவலான ‘தேவதாஸ்’ 1917இல் வெளிவந்தது. அது 1953இல் தமிழிலும் தெலுங்கிலும் படமானபோது தேவதாசாக நடித்தவர் அக்கினேனி நாகேஸ்வர ராவ். இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் வருவதற்குள் இறந்துவிட்டார். கண்டசாலாவின் குரலில், உலகத்தையே பொய் என்று சொல்லித் தள்ளாடிக்கொண்டு பாடுகிற பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. தாடி, சால்வை, பாட்டில், கூடவே ஒரு நாய் என்று தோற்ற காதலனுக்கு ஒரு சீருடையும் கிடைத்தது. அதே நாகேஸ்வர ராவ் 1971இல் தெலுங்கில் நடித்த ‘பிரேம் நகர்’ அடுத்த ஆண்டு சிவாஜி நடிக்க ‘வசந்த மாளிகை’ ஆயிற்று. 1981இல் அவர் நடித்த ‘பிரேமாபிஷேகம்’ மறு ஆண்டே கமல்ஹாசன் நடிக்க ‘வாழ்வே மாயம்’ ஆயிற்று. ஆக, முப்பது ஆண்டுக் காலம் தமிழ்ப் பையன்களின் சோகத்துக்கு அளவெடுத்தது ஆந்திரத்து நடிகர் ஒருவரின் உடம்பில்.

மூன்றையும் கடையில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘தேவதாஸ்’ பாட்டில் அவன் காதலி பார்வதியோடு பேசவில்லை. சித்தர்களிடம் கடன் வாங்கிய சொற்களால் உலகத்துக்கு உபதேசம் செய்கிறான். பட்டினத்தார் எல்லாம் இருந்தும் துறந்தவர். இவனுக்கோ கையில் இருந்தது போய்விட்டது, அந்த இழப்புக்குத் துறவு என்று பெயர் வைத்துக்கொள்கிறான். ‘வசந்த மாளிகை’யில் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய பாட்டு முழுக்கக் கேள்வி. அவளுக்காகக் கட்டிய மாளிகையில் அவள் இல்லை, இனி இது யாருடையது என்கிறான். நஞ்சைக் குடித்தவன் கேட்கிற கேள்வி என்றாலும், கேள்வி என்பதாலேயே அதற்கு ஒரு காது வேண்டியிருக்கிறது. ‘வாழ்வே மாயம்’ கதையில் நாயகனுக்குப் புற்றுநோய். தன்னை மறந்து அவள் நன்றாக வாழட்டும் என்று கெட்டவனாக நடித்து வெறுக்கவைக்கிறான். கடைசியில் வாலி எழுதி ஜேசுதாஸ் பாடுகிற பாட்டு மறுபடி உலகத்துக்கு உபதேசமாகிறது.

கடைக்கு வந்த பையன்களில் எவருக்கும் புற்றுநோய் இல்லை, ஜமீன் மாளிகையும் இல்லை. ஆனாலும் கதையை உதறிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துப்போனார்கள். அதில்தான் வினை இருந்தது. கதைக்குள் அந்த வார்த்தைகளுக்கு ஒரு காரணமும் எல்லையும் உண்டு. கேசட்டில் அவை எவனுக்கும் பொருந்துகிற உண்மையாகிவிடுகின்றன. ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதற்கு உலகமே பொய் என்று தீர்ப்பெழுத இந்தப் பாட்டுகள் கைகொடுத்தன.

எங்கள் ஊருக்கென்று சொந்தமாக ஒரு சோகப் படமும் உண்டு. 1980இல் வந்த ‘ஒரு தலை ராகம்’. பக்கத்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் அந்தப் பக்கத்து ரயிலிலும் எடுத்தது. பாட்டும் இசையும் டி. ராஜேந்தர். தினமும் அதே ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்த பையன்களுக்கு அது படமாகவே தெரியவில்லை, தங்களை யாரோ ஒளிந்திருந்து எடுத்ததாகவே நினைத்தார்கள். அதில் எஸ்.பி.பி. பாடிய ஒரு பாட்டு, நடக்க முடியாத காரியங்களின் பட்டியல். நேரங்கெட்ட ராகமும் திசை மாறிய பொழுதுமாக எல்லாம் தலைகீழாக வரும். சாகிறேன் என்று அவன் சொல்வதில்லை. உலகத்தில் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, தானும் அதில் ஒன்று என்பது கேட்கிறவருக்குத் தானாக விளங்கும். நுட்பமான பாட்டு என்று இன்றும் சொல்வேன்.

அந்தப் படத்தில் கதாநாயகிக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது என்பதை முதலில் என்னிடம் சொன்னது பெரியப்பா மகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். “அவங்க அம்மாவப் பத்தி ஊரு ஒரு பேச்சுப் பேசுது. அதனாலதான் அந்தப் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குது. அவளுக்கும் ஆசைதான். அது ஒருத்தனுக்கும் கேக்கலயே. எல்லாப் பயலும் வரிசையா நின்னு பாடுறான், அவ ரயில்ல ஏறி எறங்குறதோட சரி” என்றாள். படத்தின் கடைசியில் கதாநாயகி பேச வரும்போது அவன் ரயில் பெட்டியில் பிணமாக உட்கார்ந்திருப்பான். தியேட்டரில் எல்லோரும் அவனுக்காக அழுதார்கள். மீதி வாழ்நாளை அந்தப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டது, எனக்குத் தெரிந்து, அக்கா ஒருத்திதான்.

கல்லூரியில் குறுந்தொகை பாடம் நடந்தபோது இதெல்லாம் ஓரிடத்தில் வந்து கூடியது. பேரெயின் முறுவலார் பாடிய பதினேழாவது பாட்டு, நாலே அடி. காமம் முற்றிவிட்டால் மனிதர்கள் பனைமடலைக் குதிரையாக்கி ஏறுவார்கள், எருக்கம்பூ மாலை போடுவார்கள், தெருவில் ஊர் கூடிக் கேலிசெய்யும்படி நிற்பார்கள், அதற்கு மேலும் போவார்கள் என்பது கருத்து. கடைசியில் சொன்ன அந்த ‘மேலும்’ என்பது சாவு என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பாடம் நடத்திய ஐயா விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “ஐயா, அப்ப இவன் சங்க காலத்துத் தேவதாசா?” என்றான். வகுப்பே சிரித்தது.

ஐயா சிரிக்கவில்லை. “இந்தப் பாட்டை யார் யாருக்குச் சொல்றா, பாரு” என்றார். தலைவன் தோழிக்குச் சொல்கிறான். தலைவிக்கு நேராகச் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. எதைச் சொன்னால் யார் போய்ப் பேசுவாள் என்று தெரிந்து சொல்கிறான். ‘நான்’ என்ற சொல்லே பாட்டில் இல்லை, இப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்று பொதுவில் வைக்கிறான். மிரட்டல்தான், ஆனால் திரும்பி வர வழி வைத்துக்கொண்ட மிரட்டல்.

அடுத்து அவர் சொன்னதுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உதவுகிறது. தொல்காப்பியர் அகத்திணையியலில் மடல் ஏறியதைப் பெருந்திணையில் சேர்க்கிறார், பொருந்தாக் காமத்தில். மடல் ஏறுவேன் என்று வாயால் சொல்வது அதில் சேராது. அது அன்பின் ஐந்திணைக்குள்ளேயே கிடக்கிறது. “சொல்றவன் காதலன்யா. செஞ்சவன் அந்தக் கணக்குலேருந்து வெளியே போயிட்டான்” என்றார் ஐயா. ஒருவன் விரக்தியில் என்ன வேண்டுமானாலும் பேச இடம்விட்டு, பேச்சுக்கும் செயலுக்கும் நடுவே அந்த இலக்கணம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பாட்டு நிற்பது கோட்டுக்கு இந்தப் பக்கம்.

பெண்கள் மடலேறக் கூடாது என்பதும் அதே தொல்காப்பியத்தின் விதி. அதை மீறியது திருமங்கையாழ்வார். சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் தலைவியாகவே நின்று, எனக்கு இணங்காவிட்டால் உன்னைத் தெருவில் இழுத்துவிடுவேன் என்று பெருமாளையே மிரட்டுகிறார். பெண் குரலில் அப்படி உரக்க ஒரு மிரட்டல் வர, கேட்கிறவன் கடவுளாக இருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் இந்த மடல் கதையைச் சொன்னேன். அவளுக்குத் தோழியைப் பற்றியோ இலக்கணத்தைப் பற்றியோ அக்கறை வரவில்லை. “எருக்க மாலையப் போட்டுக்கிட்டு ஒருத்தன் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னா, அப்பா என்னத்தானடா வெட்டுவாரு?” என்றாள். ஊர் சிரிப்பது அவனைப் பார்த்து, பழி விழுவது அவள்மேல். மடலின் பலமே அதுதான். தன்னை அழித்துக்கொள்வதாகச் சொல்கிற ஒவ்வொரு பாட்டிலும் இன்னொருத்திமேல் நீட்டிய விரல் இருக்கிறது என்பதை எனக்குப் புரியவைக்க அக்காவுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அவளுக்கே ஒரு கேசட் வந்தது அதற்குக் கொஞ்சம் பிறகு. பஸ்ஸில் பார்த்துப் பழகிய முகம், அவ்வளவுதான். எங்கள் கடையில் பதிந்தது இல்லை. இருந்திருந்தால் அண்ணன் வரிசையை மாற்றியிருப்பார். பெரியம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் டூ-இன்-ஒன்னில் போட்டு நாங்கள் இருவரும் கேட்டோம். முதல் பக்கம் முழுக்கச் சாவு. இரண்டாம் பக்கத்திலும் அதேதான். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கடைசிவரை கேட்டாள். “செத்துப்போவேன், செத்துப்போவேன்னு ரெண்டு பக்கமும் சொல்றான். என்கிட்ட என்ன வேணும்னு ஒரு பாட்டுலயாச்சும் கேட்டானா?”

கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்துத் தந்திருந்தான், அழியாமல் இருக்க. உடைந்த துளையின்மேல் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆடி மாதம். ரேடியோவில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பதிந்து பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடமே வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனான் என்று கேள்விப்பட்டோம். அவன் எழுதியது புலம்பல், முகவரி மட்டும் அவளுடையது.

1986 தீபாவளிக்கு ‘புன்னகை மன்னன்’ வந்தது. அதிரப்பள்ளி அருவியின் உச்சியிலிருந்து காதலர் இருவரும் குதிக்கிறார்கள், அவள் இறக்கிறாள், அவன் பிழைக்கிறான். குதிப்பதற்கு முன்னால் ஒரு பாட்டு, வைரமுத்து எழுத இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. கடையில் அதை அட்டையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இது சோகப் பட்டியலில் சேருமா? சாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பறவையும் பூவும் முத்தமும் தாலாட்டுமாக இருக்கும் மென்மையான பாட்டு. திரையில் காதலர் இருவரும் வாயைத் திறப்பதில்லை. யாரோ மூன்றாவது ஆள் தள்ளி நின்று அவர்களைப் பார்த்து, யார் இவர்கள் என்று வியப்பதுபோலப் பாட்டு போகும். அண்ணனிடம் கேட்டேன். “முடிவு பண்ணிட்டவன் எப்படிப்பா பாடுவான்? அதான் வேற யாரோ பாடுறான்” என்றார். டெக்கில் ஒலி அளவைச் சரிசெய்துகொண்டே சொன்னார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதுகலை படிக்கும்போது விடுதியில் தெரிந்தது. என் அறைத்தோழன் ஒருத்தியைப் பல வருடமாக விரும்பினான். அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாயிற்று. அதன்பின் ராத்திரியெல்லாம் பாட்டுத்தான். பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டித் திட்டுவார்கள், இவன் சத்தத்தைக் கூட்டுவான். ஒரே வரியைச் சுற்றிச் சுற்றிப் போட்டுவிட்டு, “கேட்டியா, என்ன எழுதியிருக்கான் பாத்தியா” என்று என்னை எழுப்புவான். தூக்கம் கெட்ட எரிச்சலில் ஏதாவது சொல்வேன், சண்டை வரும். அப்படியே பேச்சு வளர்ந்து விடிந்துபோகும்.

திடீரென்று ஒரு நாள் டேப் ரெக்கார்டரைத் துடைத்து வைத்தான். கேசட்டுகளையெல்லாம் கீழ்த்தளத்துப் பையனுக்குக் கொடுத்தான். குளித்துத் தலைவாரிக்கொண்டு எல்லோரிடமும் அமைதியாகப் பேசினான். தேறிவிட்டான் என்று விடுதியே மகிழ்ந்தது. எனக்கு அருவி உச்சியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த இருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் அன்றிரவு அவனைத் தனியே விடவில்லை. நேராகவே கேட்டோம். கொஞ்ச நேரம் மறுத்தான், பிறகு உடைந்து அழுதான். மறுநாள் அவன் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். டாக்டரிடம் காட்டினார்கள். அடுத்த பருவத்துக்குத் திரும்பி வந்து படிப்பை முடித்தான். அவன் பேரன் பேத்தி எடுத்த பிறகும் நாங்கள் பேசிக்கொள்கிறோம். பழைய பாட்டுகள் பற்றியும் பேசுவோம்.

சோகப் பாட்டு ஆளைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. ஒரே பாட்டை நாள் முழுக்கச் சுற்றவிட்டால் மனமும் அதிலேயே சுற்றும். ஆனால் நான் பார்த்தவரை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த ஆள் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறான். சாகப்போவதாக ராகத்தோடு சொல்கிறவனுக்கு, அதைக் கேட்க யாரோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவதே, முதல் தடவை கேட்காதவருக்கு இரண்டாம் தடவை கேட்கட்டும் என்றுதான்.

இன்றைய பாட்டுகளில் கேட்கிற ஆள் மாறிவிட்டார். 2011இல் கொலவெறிப் பாட்டு உலகமெங்கும் பரவியபோது காதலில் தோற்றவர்களைக் குறிக்கும் ‘சூப் பாய்ஸ்’ என்ற சொல்லும் கூடவே பரவியது. இப்போது காதலில் தோற்றவன் அவளைப் பார்த்தும் பாடுவதில்லை, உலகத்தைப் பார்த்தும் பாடுவதில்லை. மச்சான்களைப் பார்த்துப் பாடுகிறான். தோழியின் இடத்துக்கு நண்பர் கூட்டம் வந்துவிட்டது. பழைய தேவதாசுக்கு ஒரு நாய்தான் துணை, அந்தக் கணக்கில் இது முன்னேற்றம். ஆனால் தோழி தலைவியின் பக்கத்து ஆள். அவன் சொன்னதை அவளிடம் கொண்டுபோவாள், அவள் மனம் என்ன என்று பார்த்து இவனுக்கும் புத்தி சொல்வாள். மச்சான்களுக்கு அவளைத் தெரியாது. அதனால் துக்கம் அவர்கள் நடுவே சீக்கிரம் வசையாகிவிடுகிறது. அதே ஆண்டு வந்த ‘மயக்கம் என்ன’ படத்தில் அவளை அடிக்கச் சொல்லியே ஒரு பாட்டு வந்தது. பையன்கள் கொண்டாடினார்கள். தன்னை அழித்துக்கொள்வதாகச் சொன்ன பழைய பாட்டுகளில் மறைந்திருந்த விரல் அதில் வெளியே தெரிந்தது. அக்காவுக்கு அதில் ஒன்றும் ஆச்சரியம் இருக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று கேசட் போட்டால் டீக்கடை கேட்கும், அடுத்த அறை கேட்கும், பெரியம்மா கோயிலிலிருந்து வந்தால் அவருக்கும் கேட்கும். யார் வீட்டுப் பையன் எதைப் போட்டு உருகுகிறான் என்று தெருவுக்கே தெரியும். இன்று பாட்டு காதுக்குள் மட்டும் ஓடுகிறது. எதிரே சாப்பிட உட்கார்ந்திருக்கிற பிள்ளை எந்த வரியை எத்தனாவது தடவையாகக் கேட்கிறான் என்று நமக்குத் தெரிவதில்லை.

அதனால் வீட்டுப் பிள்ளைகளிடமும் அவர்கள் நண்பர்களிடமும் நான் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவேன், என்ன பாட்டு ஓடுகிறது என்று. முகம் சுளிப்பார்கள். ஒரு காதுக்கான பொத்தானை வாங்கிக்கொண்டு கூடவே உட்கார்ந்து கேட்பேன். பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், அறிவுரையும் சொல்ல மாட்டேன். முடிந்ததும், இதை யாரைப் பார்த்துப்பா பாடுறான் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அங்கிருந்து பேச்சு பிடித்துக்கொள்ளும். யாரையும் பார்த்து இல்லை என்று பதில் வந்தால் அன்றைக்கு என் மற்ற வேலை எல்லாம் அப்புறம்தான். மடலேறுவேன் என்று வாயால் சொல்லும்வரை ஒருவன் ஐந்திணைக்குள் இருக்கிறான் என்று ஐயா சொன்னார். அங்கேயே அவனை இருத்திவைக்கிற வேலை, பாட்டு எழுதியவருடையதும் இல்லை, பாடியவருடையதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவருடையது.